நாலாம் பாகம் மட்டும் வேண்டாம்

அலுவலகத்தில் அவளுக்கு 'ஏன் மேடம்' என்று பெயர். காப்பீட்டுக் கம்பெனியில் இழப்பை மதிப்பிடும் வேலை. கடை எரிந்துவிட்டது, கிடங்கில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று யார் வந்து நின்றாலும், நேரில் போய்ப் பார்த்து உண்மையா பொய்யா என்று சொல்ல வேண்டியவள் அவள்தான். வெள்ளம் புகுந்த துணிக் கிடங்கில் நுழைந்தால், தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் முதலாளியை அவள் முதலில் பார்க்க மாட்டாள். மூட்டைகளைத் தொட்டுப் பார்ப்பாள். கீழிருந்து மேலே ஈரம் ஏறியிருந்தால் வெள்ளம். மேலிருந்து கீழே இறங்கியிருந்தால் யாரோ குழாயைப் பிடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் முதலாளியிடம் திரும்பி, "ஏன்?" என்று ஆரம்பிப்பாள்.

இப்படியே பழகிய கண் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. பக்கத்து வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே நலம் விசாரித்தால், இவளுக்கு என்ன வேண்டியிருக்கிறது என்று யோசிப்பாள். காய்கறிக்காரர் கேட்காமலே விலையைக் குறைத்தால் பையைக் கவிழ்த்து அடியில் இருப்பதைப் பார்ப்பாள். அச்சகத்தில் இயந்திரம் ஓட்டும் அவள் கணவர் இதற்கெல்லாம் பழகிவிட்டார். வீட்டுக்குள் நுழையும்போதே ஏன் தாமதம், ஏன் சட்டையில் மை, ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்ற மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதிலாகச் சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

ஒரு கிடங்கில் பரண் மேலே என்ன ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஏறினாள். மரப்படி முறிந்து விழுந்து கணுக்கால் உடைந்தது. பரண்மேல் ஒன்றும் இல்லை என்பதுதான் அவளுக்கு வலியைவிடப் பெரிய வருத்தம். மாவுக்கட்டுப் போட்டு, காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

காலையில் கணவர் வேலைக்குப் போனால் வீட்டில் அவளும் சுவரும்தான். மாடி அறையில் கொழுந்தன் இருந்தான். கணவருக்கு ஒரே தம்பி, தனிக்கட்டை. சில வருடங்கள் வேறு ஊரில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் வசனம் எழுதிக்கொண்டிருந்தவன், ஒருநாள் பெட்டியோடு திரும்பி வந்து, "பிடிக்கல, விட்டுட்டேன்" என்று சொல்லி, கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துவிட்டான். நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு வந்ததற்கு அந்த ஒரு சொல் போதாது என்று அவள் அப்போதே நினைத்தாள். எத்தனையோ தடவை வாயைக் கிளறியும் பார்த்தாள். அவன் பிடி கொடுக்கவில்லை.

அவன்தான் தன் கேம் பெட்டியைக் கீழே கொண்டுவந்து டிவியில் மாட்டிக் கொடுத்தான். உனக்கு வேண்டாமா, இதில் ஏதாவது கோளாறா, கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று அவள் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டினான். உள்ளே இருந்தது 'துறைமுகம்' என்ற தொடரின் ஒன்பதாவது பாகம். ஆடுபவர் ஒரு துறைமுக அதிகாரி. ஒவ்வொரு பாகத்திலும் வேறு வேறு துறைமுகம். கப்பல் ஏன் மூழ்கியது, சரக்கு ஏன் குறைந்தது, மாலுமி ஏன் ஊர் திரும்பவில்லை என்று ஒவ்வொருவராக விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் நாள் கை தடுமாறி அதிகாரியைக் கடலிலேயே தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் போனதும், கணவர் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினால், "இருங்க, இந்தக் கணக்குப்பிள்ளை பொய் சொல்றான்" என்று உள்ளிருந்தே குரல் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டாள். ஒன்பதாவது பாகம் முடிந்ததும் முந்தையவை வேண்டும் என்றாள்.

கொழுந்தன் ஓர் அட்டைப்பெட்டியில் பழைய பாகங்களைக் கொண்டுவந்தான். எல்லாவற்றையும் ஆட வேண்டியதில்லை என்றான். ஒன்றும் இரண்டும் ரொம்பப் பழசு, திரும்பிப் பார்க்கவே நாலு பொத்தான் அமுக்க வேண்டும், கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றான். மூன்றில் ஆரம்பியுங்கள், அதில்தான் விசாரணை என்பதே சரியாக வந்தது. அப்புறம் ஆறு. ஏழில் பாதி ஆறில் வந்ததேதான். எட்டு படம் அழகு, கதை சப்பை. ஐந்தை விட்டாலும் ஒன்றும் குறையாது.

அவள் கேட்டுக்கொண்டே பெட்டிக்குள் விரலை ஓட்டினாள்.

"நாலு எங்க?"

"அது தொலைஞ்சுபோச்சு அண்ணி. நல்லாவும் இருக்காது."

அவன் மாடிக்குப் போன பிறகும் அவள் அந்தப் பதிலையே அசைபோட்டுக்கொண்டிருந்தாள். அவள் தொழிலில் இது பழைய விஷயம். ஒரே பொருளுக்கு ஒருவன் இரண்டு காரணம் சொன்னால் இரண்டையும் நம்பக்கூடாது. எரிந்துபோயிற்று என்று சொல்பவன், அது ஓட்டைச் சாமான்தான் என்று ஏன் சேர்த்துச் சொல்ல வேண்டும்? தவிர, மற்ற ஒவ்வொரு பாகத்துக்கும் என்ன குறை, என்ன நிறை என்று குறிப்பாகச் சொன்னவன், நாலுக்கு மட்டும் 'நல்லா இருக்காது' என்று மொட்டையாக முடித்துவிட்டான்.

மூன்றை ஆடினாள். அவன் சொன்னபடியே இருந்தது. ஆறை ஆடினாள். அதுவும் அப்படியே. சந்தேகத்தில் எட்டைக் கொஞ்சம் ஆடிப் பார்த்தாள். படம் அழகு, கதை சப்பை. அவன் சொன்னது ஒவ்வொன்றும் சரியாக வர வர, நாலைப் பற்றிய சந்தேகம்தான் ஏறிக்கொண்டே போனது. சாப்பாட்டு நேரத்தில் ஒன்றிரண்டு தடவை நூல் விட்டுப் பார்த்தாள். நாலில் எந்தத் துறைமுகம், பெரியதா சிறியதா என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள். அவன் தண்ணீரைக் குடித்துவிட்டு, கடையில் புதிதாக வந்த கண்ணாடிச் சட்டங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

பெரிய கட்டைப் பிரித்துச் சின்னக் கட்டுப் போட்டு, ஊன்றுகோலோடு நடக்கலாம் என்றதும் அவள் முதலில் போன இடம், ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் பழைய கேம்களை வாங்கி விற்கும் கடை. கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். துறைமுகம் நாலாம் பாகம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

அதைப் பற்றிக் கேட்டால் கடையிலேயே சண்டை வந்துவிடும் என்றார். பாதிப் பேர் அதுதான் இந்தத் தொடரிலேயே உசத்தி என்பார்கள். மீதிப் பேர் கோபித்துக்கொண்டு பாதியில் நிறுத்தியவர்கள். எல்லாம் ஒரு பெண்ணால். கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள், அவளை என்ன செய்வது என்று ஆடுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். எப்படிச் செய்தாலும் மனசு ஆறாது என்றார். ஆனால் இப்போது கையில் இல்லையாம்.

"வந்தா நிக்கிறதில்லம்மா. ஒருத்தர் வந்து எடுத்துட்டுப் போயிடறார். எத்தனை வந்தாலும் எடுத்துக்கிறார்."

"யாரு?"

"கடைத்தெருவுல கண்ணாடிக் கடை வச்சிருக்காரே, ஒல்லியா, அவருதான்."

அவளுக்கு மூக்கு வேர்த்தது. அந்த ஆள் தன் கொழுந்தன்தான் என்று சொல்லாமல், அடுத்து ஒன்று வந்தால் முதலில் தனக்குச் சொல்லும்படி கேட்டு, தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

திரும்பும் வழியெல்லாம் யோசனை. ஒருவன் ஒரே பொருளை ஊர் முழுக்க வாங்கிப் பதுக்குகிறான் என்றால், விலை ஏறும் என்று காத்திருக்கிறான், இல்லையென்றால் அதில் தன் கைரேகை இருக்கிறது. விலை ஏறும் என்று காத்திருக்கிற ஆளல்ல அவன். உடைந்த கண்ணாடிக் காலை இலவசமாக ஒட்டிக் கொடுப்பவன். அப்படியானால் இரண்டாவதுதான். அவன் வேலை பார்த்த கம்பெனி போட்ட கேமோ இது? அங்கே எதையாவது திருடி இதில் சேர்த்துவிட்டானா? அதனால்தான் துரத்தினார்களா? 'பிடிக்கல' என்றது அதுதானா? அவன் கடையில் இருக்கும் நேரம் பார்த்து, அறையைக் கூட்டப் போகிறேன் என்ற சாக்கில் ஊன்றுகோலோடு மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏற்கெனவே ஒரு பரண் ஏறிய பலனைக் கால் நினைவுபடுத்தியது. திரும்பிவிட்டாள்.

சில நாள் கழித்துக் கடைக்காரரிடமிருந்து அழைப்பு வந்தது. ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டாள். மறுநாள் ஆண்கள் இருவரும் கிளம்பியதும் வாசல் கதவைத் தாழிட்டு, திரைச்சீலையையும் இழுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

சின்னத் துறைமுகம். படகுக்குக் காத்திருக்கும் கூடம். வரிசையாக மர நாற்காலிகள். கடைசி நாற்காலியில் ஒரு பெண், மடியில் பழுப்பு நிறப் பை. பையின் ஒரு கைப்பிடி அறுந்து, நைலான் கயிறு கட்டியிருந்தது. போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "இந்தப் படகு திரும்பி வருமா? ஏன் வராது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆடிக்கொண்டிருந்தவளுக்குக் கயிற்றைப் பார்த்ததுமே கை நின்றுவிட்டது. தன் பழுப்புப் பையில் ஒரு காலத்தில் அதே கயிற்றைக் கட்டியவள் இவள்தான்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆன சமயம். கணவர் அடித்தவரும் அல்ல, குடித்தவரும் அல்ல. ஆனால் ஏதாவது மனத்தாங்கல் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, வாரக்கணக்கில். சாப்பாடு போட்டால் சாப்பிடுவார், கதவைத் திறந்தால் உள்ளே வருவார், வாய் மட்டும் திறக்காது. அப்படி ஒரு நீண்ட மௌனத்தின் நடுவில், ஒருநாள் அவள் நாலு துணியைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய்விட்டாள். எந்த பஸ் என்று முடிவு செய்ய முடியாமல் பகல் முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வர பஸ் மாற இறங்கிய கொழுந்தன் அவளைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். அன்று அவள் அவனிடம் பேசியதை அதற்கு முன்போ பின்போ யாரிடமும் பேசியதில்லை. வெயில் இறங்கியதும் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவன் சத்தியம் செய்தான்.

வேடிக்கை என்னவென்றால், மறுநாள் காலையில் கணவர் தானாகவே பேச ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு அப்படி நீளமாக மௌனம் சாதித்ததே இல்லை. அதிலும் அவளுக்குச் சந்தேகம்தான். வெளியே ஏதோ தப்புச் செய்துவிட்டு வந்து இளகுகிறார் என்று நினைத்து, ரொம்ப நாள் அவர் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

இப்போது திரையில் துறைமுக அதிகாரி அந்தப் பெண்ணின் அருகில் உட்கார்ந்தார். அவள் சொன்னாள்: "பேச்சில்லாத வீட்டுல இருந்தா நம்ம குரல் நமக்கே மறந்துடும்போல இருக்கு." சொல்லுக்குச் சொல் இவள் சொன்னது. பஸ் நிலையத்தில், ஆறிய டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது.

கீழே இரண்டு வழிகள் தெரிந்தன. வீட்டுக்கு அழைத்துப் போகலாம். படகுக்குச் சீட்டு எடுத்துக் கொடுக்கலாம்.

இவள் முதலில் அந்தப் பெண்ணை வீட்டுக்கு அழைத்துப் போனாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பெண் ஜன்னலில் நின்றாள். முதல் தடவை இரண்டு வார்த்தை பேசினாள். அடுத்த தடவை ஒன்று. கடைசியில் தலையை மட்டும் ஆட்டினாள். இவள் மறுபடி ஆரம்பித்து, இந்தத் தடவை சீட்டு எடுத்துக் கொடுத்தாள். கதையின் முடிவில் வேறொரு துறைமுகத்தில், கயிறு விற்கும் கடையில் அந்தப் பெண் நின்றாள். வருகிறவர்களையெல்லாம் ஏன் ஏன் என்று குடைந்து, சத்தமாகச் சிரித்தாள்.

எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்தவள் அவள். பிடித்ததும் உள்ளே ஒரு மிடுக்கு வரும். அன்று வரவில்லை. முகம் தெரியாத எத்தனையோ பேர் தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன்னை என்ன செய்யலாம் என்று பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. பிறகு கோபம் வந்தது.

விடுமுறை நாளன்று கணவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்த நேரத்தில், கொழுந்தனைக் கீழே கூப்பிட்டாள். மேஜைமேல் நாலாம் பாகத்தின் உறை இருந்தது. அதைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியைக்கூட இழுக்காமல் நின்றான்.

"ஊர்ல இருக்கிறதையெல்லாம் வாங்கிப் பதுக்கிட்டா முடிஞ்சுதா?"

அண்ணன் காதுக்குப் போய்விடக் கூடாது என்றுதான் என்று அவன் மென்று விழுங்கினான்.

"உங்க அண்ணன் கேம் ஆடுற ஆளா?"

"நீங்களும் ஆடுற ஆள் இல்லன்னுதான் நினைச்சேன் அண்ணி."

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள். அவன் உட்கார்ந்து மெல்ல எல்லாவற்றையும் சொன்னான். கதையில் ஓர் ஓரக் காட்சி எழுதச் சொன்னார்கள், வேறொன்றும் தோன்றவில்லை, அதுதான் வந்தது என்றான். ஓரக் காட்சியை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறான். ஆடியவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். ஐந்தாம் பாகத்திலும் அவளைக் கொண்டுவா, பெரிதாக எழுது என்று கம்பெனியில் சொன்னார்கள். மாட்டேன் என்றான். நீ இல்லாவிட்டால் இன்னொருவர் எழுதுவார் என்றார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

இத்தனை பயம் இருந்தவன் ஏன் அந்தக் கேம் பெட்டியை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாய் என்று அவள் கேட்டாள். சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள், பார்க்கச் சகிக்கவில்லை என்றான். நான் கண்டுபிடிக்க வேண்டும் என்றே கொடுத்தாயா என்று கேட்டாள். அவன் யோசித்துவிட்டு, தெரியவில்லை, இருந்தாலும் இருக்கலாம் என்றான்.

அவள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வீட்டுக்கு வந்தவளை ஏன் ஜன்னல்ல நிக்க வச்சு ஊமையாக்கின?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"அன்னைக்கு உங்களைக் கூட்டிட்டு வந்தது சரியான்னு எனக்கு இன்னைக்கும் தெரியல அண்ணி. அந்த பஸ்ல ஏத்தி விட்டிருக்கணுமோன்னு தோணிட்டே இருக்கும்."

 இத்தனை வருடம் இவன் இதைச் சுமந்துகொண்டு மாடியேறி இறங்கியிருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆனால் கோபமும் முழுதாகப் போய்விடவில்லை.

"என்னை நீ எங்கடா கூட்டிட்டு வந்த? நான்தான் எழுந்து வந்தேன். நீ பையைத் தூக்கிட்டுப் பின்னால வந்த, அவ்வளவுதான். நான் ஒண்ணும் ஊமையாவும் ஆகல."

"அது தெரியும் அண்ணி," என்றான் அவன். அவன் சொன்ன தொனியில் இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது.

இன்னொருவர் வாழ்க்கையை எடுத்தால் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்று அவள் கறாராகச் சொன்னாள். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். வாங்கி அடுக்கியவற்றையெல்லாம் பழைய கேம் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னாள். மறைத்து வைத்தால்தான் மோப்பம் பிடிப்பார்கள் என்றாள்.

கணவர் வந்து குளித்து, சாப்பிட உட்கார்ந்ததும் அவளே சொல்லிவிட்டாள். கேமைப் பற்றி அல்ல, பஸ் நிலையத்தைப் பற்றி. இத்தனை நாள் எல்லோரையும் ஏன் மறைத்தாய் என்று கேட்டுப் பிழைப்பு நடத்திவிட்டு, தான் ஒன்றை மறைத்து வைத்திருப்பது அன்று அவளுக்குப் பொறுக்கவில்லை. அவர் கையை நிறுத்தாமல் சாப்பிட்டார். பழைய மௌனம் திரும்பப் போகிறது என்று அவள் நினைத்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தெரியும். அன்னைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். அலமாரியில பை இல்ல. வெளியே போய் எங்கெங்கயோ தேடிட்டு, இருட்டுற நேரத்துக்கு வந்தா பை இருந்த இடத்துலயே இருந்துச்சு."

"ஏன் கேக்கல?"

"கேட்டா மறுபடி போயிடுவியோன்னு பயம்."

அவர் எழுந்து கை கழுவப் போனார்.  மறுநாளே அவர் பேச ஆரம்பித்ததற்கு என்னென்ன காரணமெல்லாம் கற்பித்து, அவர் சட்டைப் பையைத் துழாவினோம் என்று நினைத்தாள். தொழிலில் இவ்வளவு பெரிதாக அவள் தவறாக மதிப்பிட்டது கிடையாது. அவர் துண்டோடு திரும்பி வந்தபோது அதையும் சொன்னாள். சட்டைப் பையில் வைத்தது அப்போதெல்லாம் இடம் மாறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். தம்பி எழுதிய அந்தப் பெண்ணைப் பற்றிப் பிறகு சொன்னபோது, தான் அதைப் பார்க்க வேண்டாம் என்றார். அவள் வற்புறுத்தவில்லை.

கால் சரியாகி வேலைக்குத் திரும்பிய பிறகும் மாலைகளில் ஆடிக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் இரண்டும் அவன் சொன்னபடியே கையை ஒடித்தன. கடைசியாக ஐந்தை எடுத்தாள். எடுக்கும்போதே மனசு உறுத்தியது. நினைத்தபடி இரண்டாம் தெருவிலேயே அந்தப் பெண் நின்றாள். அதே பை. ஆனால் பளிச்சென்று சிரித்து, வருகிறவர்களுக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. யாரோ எழுதிய யாரோ.

அவள் கேம் வட்டை வெளியே எடுத்து உறையில் போட்டாள். பிறகு மாடிப்பக்கம் திரும்பி, பாதியில் விட்ட எட்டாம் பாகத்தின் கதை எப்படித்தான் முடிகிறது என்று கொழுந்தனிடம் குரல் கொடுத்துக் கேட்டாள்.